நாலாவது சேனல்

ஊரில் என் பெயர் மிக்சர் அர்த்தநாரி.
பெண் பார்க்கப் போன இடத்தில்
காராபூந்தி கலப்பீங்களா என்று கேட்டார்கள்.
எட்டு சேனல் பெட்டி என்றால் யாருக்குப் புரியும்.

ஒன்றில் பத்மலோசனி.
இரண்டில் ஆண் குரல், வருஷத்துக்கு ஒருவன்.
மூன்றில் கீபோர்டு.
நாலில் குளோரி,
சூரமங்கலம் ஜங்ஷன் பாயிண்ட்ஸ்மேன் மகள்,
கோரஸ்.

கோரஸ் என்றால்
ஆ பாட வேண்டும், ஊ பாட வேண்டும்,
பல்லவி திரும்பும்போது பின்னால் நின்று
வார்த்தையின் வாலைப் பிடிக்க வேண்டும்.
ராத்திரிக்கு நாற்பது ரூபாய், ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம்.
புடவை அவளுடையது.

அந்தக் குரலுக்கு ஒரு கெட்ட குணம்,
முன்னால் வந்துவிடும்.
வெள்ளைக்கல் மேட்டு வெயில் மாதிரி
கண்ணைச் சுருக்க வைக்கும்.
பெட்டிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டுவேன்:
தள்ளி நில்லு.
ஒரு அடி போவாள்.
இன்னும்.
ஜமுக்காளம் முடிகிற இடம் வரை போய்
செருப்புகளுக்கு நடுவில் நின்று பாடியிருக்கிறாள்.

ஆடி மாசம், அம்மாப்பேட்டை.
பத்மலோசனிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
மிளகுக்கும் பனங்கற்கண்டுக்கும் மசியவில்லை.
ஓனர் குனிந்து சொன்னார்:
ஒன்றை மூடு, நாலை ஏத்து.
ஏத்தினேன்.
முன்னால் ஒரு வாய் அசைந்தது,
பின்னாலிருந்து பாட்டு வந்தது.
தறியை நிறுத்திவிட்டு வந்த கூட்டம்
மூன்று தரம் ஒன்ஸ்மோர் கேட்டது.
நோட்டு மாலை பத்மலோசனிக்கு.
குளோரிக்கு நான் வாங்கிக் கொடுத்த
ஒரு தட்டுவடை செட்டு.
பீட்ரூட் துருவல் புடவையில் சிந்தச் சிரித்தாள்:
"ஒயரை மாத்திச் சொருகிட்டீங்களோன்னு நெனச்சேன்."

ஏற்காட்டுக் கோடைவிழா முடிந்து இறங்கும்போது
பதினான்காவது வளைவில் வேன் நின்றது.
ரேடியேட்டர். பனி.
டிரைவர் தண்ணீர் தேடிப் போனான், மற்றவர்கள் தூங்கினார்கள்.
அவள் பையிலிருந்து ஒரு ரயில்வே டைரியை எடுத்து
டார்ச் அடித்துப் பாடினாள்.
அவளே எழுதியது.
தண்டவாளம் மாற்றுகிறவரின் ராத்திரிச் சாப்பாடு பற்றி.
தூக்குச்சட்டி, நார்த்தங்காய், தாமதமான கூட்ஸ்,
ஆறிப்போகிற ரசம்.
காதல் இல்லை. சாமி இல்லை.
கீழே சேலம்,
பட்டறையில் யாரோ கொலுசு மணிகளைக்
கொட்டிவிட்டுப் பொறுக்காமல் போனது போல.
என் விரல் தானாகத் தொடைமேல் நகர்ந்தது,
எதையோ இறக்க.

அப்பாவின் பி.எஃப். பணத்தில் கேசட் போட்டாள்.
ஆறு பாட்டு, இருநூறு பிரதி.
செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்று பத்து எடுத்தது.
ஒன்பது திரும்பி வந்தது.
பத்தாவதை வாங்கின புண்ணியவான் யார் என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
நான்தான் என்று சொன்னதில்லை.
என் மகன் அதன்மேல்
கிரிக்கெட் கமெண்டரி பதிந்துவிட்டதையும் சொன்னதில்லை.
ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில்
அரை வரி மிச்சம் இருக்கிறது:
ரசம் ஆறுது, ரசம்

பிறகு டிராக் வந்தது.
கோரஸ் பெட்டிக்குள்ளேயே வந்தது.
குளோரி கொஞ்ச நாள் நர்சரிப் பள்ளியில் ரைம்ஸ் சொன்னாள்,
கொஞ்ச நாள் கிடார் பையன்களோடு கல்யாணங்களுக்குப் போனாள்,
ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் பின்னாடி, என்றார்களாம்.

போன மாசம் பெரியாஸ்பத்திரியில்
என் காதுக்குப் படம் போட்டார்கள்.
மலைப்பாதை போலச் சரிகிற ஒரு கோடு.
மேல் சுருதியெல்லாம் போயிடுச்சு சார் என்றது
அந்தச் சின்ன டாக்டரம்மா.
குருவி கேக்காது, குக்கர் விசில் கேக்காது என்று
அது சொல்லிக்கொண்டே போக
நான் வேறு ஒன்றைக் கணக்குப் போட்டேன்.

நேற்று அரிசிப்பாளையத்திலிருந்து வந்திருந்தாள்.
அறுபத்து மூன்று வயசு.
புதுசாக ஒன்று எழுதியிருக்கிறாளாம்.
கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று
பாட ஆரம்பித்தாள்.
உதடு அசைவது தெரிந்தது,
பத்மலோசனி அன்றைக்கு அசைத்த மாதிரியே.

கிட்ட வா என்று கையை ஆட்டினேன்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கைக்கு
அவள் அறிந்த அர்த்தம் ஒன்றுதான்.
பாட்டை நிறுத்தாமல்
ஒரு அடி பின்னால் போனாள்.